முதுமை என்று சொல்லி மூடி வைக்காதீர்கள்



எங்கள் மஹல்லாவில் முதல் ஸஃப்பை விட்டு அகலாத பெரியவர் ஒருவர், சில மாதங்களாகக் கடைசி ஸஃப்பில் வாசலை ஒட்டி நிற்கத் தொடங்கினார். பிறகு ஜும்ஆவுக்கு மட்டும் வந்தார். பிறகு அதற்கும் வரவில்லை. விசாரித்தபோது, "ஹஜ்ரத், உளூ நிற்பதில்லை" என்று தலைகுனிந்தார். சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிபவர் மஃதூர். வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, உளூச் செய்து தொழுதுகொள்ளலாம் என்று சட்டத்தை விளக்கிவிட்டு வீடு திரும்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் சிறுநீர் முற்றிலும் அடைத்து, அடிவயிறு உப்பி, துடிக்கத் துடிக்க அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. சட்டத்தோடு நிறுத்திக்கொண்டேனே, அது பிழை. மஃதூருக்கான சலுகை தொழுகையைக் காப்பதற்கு வந்தது. நோயை வளர்ப்பதற்கு அன்று.

"வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே" என்கிறார்கள். மருந்து செய்துகொள்ளுமாறும், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தின்றி இறக்கவில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள், அபூதாவூதில் உள்ளது. நம்மவர்கள் அந்த விதிவிலக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். புராஸ்டேட் வீக்கம் முதுமையல்ல, முதுமையில் வரும் நோய். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்திருக்கும் சிறு சுரப்பி அது. பருத்து வழியை நெரிக்கும்போது தாரை மெலிகிறது. இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கிறது. போன பின்னும் மிச்சம் நிற்கிறது. தேங்கிய நீர் கிருமித்தொற்றையும் கல்லையும் தரும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இது புற்றுநோய் அன்று. ஆயினும் அதுவும் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"வெட்கமாக இருக்கிறது" என்பது அடுத்த தடை. அலீ (ரலி) அவர்களுக்கு மதீ அதிகம் வெளிப்பட்டது. மாமனாரிடம் கேட்க வெட்கப்பட்டார்கள். ஆனால் கேட்காமல் விடவில்லை, மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் செய்தார்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு மருத்துவரிடம் அவ்ரத்தைக் காட்டலாம் என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்க, நாம் ஏன் அவர்களைவிடப் பேணுதலாளர்களாக நடிக்கிறோம்?

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. பலருக்கு மாத்திரையே போதும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரகம் பாதித்தாலோ, தொற்றும் இரத்தக் கசிவும் திரும்பத் திரும்ப வந்தாலோ, மாத்திரை பயனளிக்காவிட்டாலோதான் அறுவை. லேசர் முறையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்துகிறார்கள். ஹோல்மியம் லேசராயின் பருத்த சதையை ஆரஞ்சுச் சுளைபோல் உள்ளிருந்து பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, துண்டாக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். மிகப் பெரிய சுரப்பிக்கும் இது ஏற்றது; இரத்தப்போக்கு குறைவு. பெரும்பாலும் ஓரிரு நாளில் குழாயை அகற்றிவிடுவார்கள். குழாய் இருக்கும் நாள்களில் தொழுகையை விட வேண்டியதில்லை. மஃதூர் சட்டம் உண்மையில் பயன்படும் இடம் அதுவே.

குறைகளையும் மறைக்கலாகாது. சில வாரம் எரிச்சலும், சிலருக்குத் தற்காலிகக் கசிவும் இருக்கும். பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். குழந்தை வேண்டுபவர் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கருஞ்சீரகத்தின் மீதும் ஓதிப் பார்த்தலின் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. அவற்றைக் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் மீதுதான் கோபம்.

வளைகுடாவிலிருந்து பேசும் பிள்ளைகள் வாப்பாவிடம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தவறாமல் கேட்கிறார்கள். இன்றிரவு பேசும்போது, தூக்கத்தில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்றும் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்கள். உம்மாவிடம் கேளுங்கள்.