நான்கு சக்கரமும் இழுத்தால் நிற்குமா?

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் செல்லும் கார் பனியில் வழுக்கவே வழுக்காது என்று உங்களுள் பலர் நம்புகிறீர்கள். என் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்தானது. ஜப்பானின் சுபாரு லெகசி என்னும் குடும்பக் காரின் வரலாற்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

வட ஜப்பானில் தோஹோகு மலைப்பகுதியில் குளிர்காலத்தில் பனி குவியும். மின்கம்பிகளைப் பழுது பார்க்கும் பணியாளர்கள் ஜீப்பில் நடுங்கிக்கொண்டே செல்வார்கள். ஜீப்பைப் போல் ஏற வேண்டும், காரைப் போல் வசதியாகவும் இருக்க வேண்டும் என்று அவர்களது நிறுவனம் கேட்டது. அதன் விளைவாக 1972-இல் லியோன் வண்டி வந்தது. 1975-இல் அதன் செடான் வடிவம் வந்தது. அதில் பின் சக்கரங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஒரு நெம்புகோலால் இணைக்க வேண்டும். ஏன் எப்போதும் இணைத்து வைக்கக் கூடாது? ஈர மணலில் சைக்கிளை வளைத்து ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தின் தடம் பின் சக்கரத் தடத்தைவிட நீளமாக இருக்கும். காரிலும் அப்படியே. இரண்டையும் ஒரே தண்டில் பிணைத்தால், உலர்ந்த சாலையின் வளைவுகளில் அவை ஒன்றையொன்று எதிர்த்துப் போராடும்.

1989-இல் வந்த முதல் லெகசியின் பல வகைகளில் எல்லாச் சக்கரங்களும் எந்நேரமும் இயங்கின. கையால் கியர் மாற்றும் வகையில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிபரன்ஷியல் வைத்து, அதனுடன் பாகுநிலை மிக்க சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய தகடுகளையும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் வழுக்கி வேகமாகச் சுழன்றால் திரவம் அதைப் பிடித்து இழுக்கும். என்ன எளிமை! அவ்வாண்டு அரிசோனாவில் லெகசி 100,000 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 223 கி.மீ. வேகத்தில் ஓடி முடித்தது. பின்வந்த தலைமுறைகளில் மின்னணுக் கட்டுப்பாடு வளர்ந்தது. 1999-இல் முன்னே பார்க்கும் இரட்டைக் காமிராவும் வந்தது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இறுகிய பனியில் உராய்வுக் குணகம் சுமார் 0.2 என்று கொள்வோம். காரின் எடையில் 60 சதவீதம் முன் சக்கரங்கள் மீது இருந்தால், முன் சக்கரம் மட்டும் இழுக்கும் கார் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவையே ஏறும். எல்லாச் சக்கரமும் இழுத்தால் நூற்றுக்கு இருபது ஏறலாம். பெரிய ஆதாயம்தான். ஆனால் பிரேக் போடும்போது? எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு! மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்து அந்தப் பனியில் நிற்க, எந்தக் காருக்கும் சுமார் 70 மீட்டர் வேண்டும். உலர்ந்த சாலையில் 18 மீட்டர் போதும். ஏறிவிட்ட தைரியத்தில் வேகமாகச் செல்பவன் இறக்கத்தில் அகப்பட்டுக்கொள்கிறான். நான்கு சக்கர இயக்கத்துக்குச் செலவிடும் முன் நல்ல பனி டயருக்குச் செலவிடலாம் என்பேன். அதுவே உராய்வுக் குணகத்தை உயர்த்துவது.

இன்னொரு வருத்தமும் உண்டு. லெகசியின் இயந்திரத்தில் உருளைகள் படுத்த நிலையில் இருக்கும். அதனால் காரின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும்; வளைவில் கவிழும் வாய்ப்புக் குறையும். ஆனால் வாங்குபவர்கள் உயரமான வண்டிகளையே நாடினார்கள். ஜப்பானில் லெகசி செடானின் விற்பனை 2020-இல் நின்றது. அமெரிக்காவில் 2025 மாடலே கடைசி. அதே இயந்திரத்தையும் அதே நான்கு சக்கர இயக்கத்தையும் இன்று உயரத் தூக்கி வைத்து விற்கிறார்கள். அகலத்தை மாற்றாமல் ஈர்ப்பு மையத்தை மட்டும் உயர்த்தினால் கவிழும் கோணம் எப்படி மாறும் என்பதை ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் சாய்த்துப் பார்த்தாலே ஓரளவு புரியும்.