இலவசமாக வந்த அஞ்சல் பெட்டி

கனடாவின் தண்டர் பே நகரில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் ஏற்பாடு, 2006 வாக்கில் பழசாகிவிட்டது. புதிது வாங்கப் பெரும்பணம் வேண்டும். அந்த நேரம் பார்த்து, கல்வி நிறுவனங்களுக்கு மின்னஞ்சலை இலவசமாகத் தர கூகுள் முன்வந்தது. சும்மா வருவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? லேக்ஹெட் மாறிக்கொண்டது.

ஆசிரியர்களுக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. கடிதங்கள் இனி ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கையில். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த பேட்ரியாட் சட்டத்தைக் காட்டி அந்நாட்டு அரசு கேட்டால், எழுதியவருக்கே தெரியாமல் அவை போய்விடலாம். மாணவர் மதிப்பெண் போன்ற விவரங்களை அதில் அனுப்ப வேண்டாம் என்றுகூட ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. மதிப்பெண் அனுப்ப முடியாத மின்னஞ்சல் பல்கலைக்கழகத்துக்கு எதற்காம்! ஆசிரியர் சங்கம் முறையிட்டது. 2009-ல் மத்தியஸ்தரின் தீர்ப்பு நிர்வாகத்தின் பக்கமே வந்தது.

நிர்வாகத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. சொந்த சர்வர் என்றால் சும்மாவா? குப்பை அஞ்சலை வடிகட்ட வேண்டும், திருட்டுக் கும்பல் நுழையாமல் காவல் காக்க வேண்டும், ராத்திரி 2 மணிக்கு நின்றுபோனால் ஓடிவர ஆள் வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கும் கல்லூரியைவிட, பெரிய நிறுவனத்திடம் கடிதங்கள் பத்திரமாகவே இருக்கும்.

சிக்கல், குடிபோன பிறகுதான். அளவே இல்லை என்று தரப்பட்ட சேமிப்பு இடத்துக்கு வரம்பு வரப்போவதாக 2021-ல் கூகுள் அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு. கேட்கப் பெரிதுதான். ஆனால் பல்லாயிரம் மாணவர்களின் கடிதம், ஆராய்ச்சித் தரவு, வகுப்பு வீடியோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பழைய சர்வரைக் கழற்றி, அதைப் பார்த்துக்கொண்டவர்களையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்ட இடங்களில் பேரம் பேச என்ன இருக்கிறது? கொடுப்பதில் தப்பில்லை. திரும்ப எடுத்துவரத் தெரிந்த ஆட்களையும் சேர்த்து அனுப்பியதுதான் தப்பு.

இடத்தை மிச்சப்படுத்த, பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதலில் கை வைத்தது பழைய மாணவர்களின் கணக்குகளில்தான். சில இடங்களில் சேமிப்பு அளவு சுருங்கியது. சில இடங்களில் கணக்கே மூடப்பட்டது. படிப்பு முடிந்தும் அந்த முகவரியை விடாதவர்கள் அதைத்தான் வங்கியிலும் விசா விண்ணப்பத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.