சாரதியில்லாத வண்டி

இரத்தினபுரி றப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்த எனக்குச் சென்ற விடுமுறையிற் சிங்கப்பூரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. முதல்நாட் காலை, நிலத்தடி இரயிலின் முன்பெட்டியில் ஏறிச் சாரதியைத் தேடினேன். சாரதியே இல்லை! 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையிற் கணினியே வண்டியை ஓட்டுகின்றது. அவ்வியப்பு அடங்குமுன் கதவருகே கண் சென்றது. எச்சரிக்கை வாசகம் நான்கு மொழிகளில். அவற்றுள் ஒன்று தமிழ்! தமிழர் அங்கே சிறு தொகையினரே. எனினும் மலாய், சீனம், ஆங்கிலத்துடன் தமிழும் ஆட்சிமொழி.

நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. அதற்குப் பின்னரும், என் தாயார் ஓர் அலுவலகத்திற் சிங்களப் படிவத்தை ஏந்தியவாறு, நிரப்பித்தர எவரேனும் வருவரோ என நின்றதைக் கண்டிருக்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் இறங்கவேண்டிய யான் அவ்வாசகத்தையே படித்துக்கொண்டிருந்து, அடுத்த நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்கி, சிராங்கூன் வீதிவழியே திரும்பி நடந்தேன்.