இரைப்பைக்குச் சொல் உண்டு, வகுப்பறைதான் இல்லை

“மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலாது, துல்லியமான கலைச்சொற்கள் இல்லை” என்னும் வாதத்தைக் கல்விப்புலத்தார் இன்றும் தயக்கமின்றி முன்வைக்கின்றனர். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இவ்வாதத்தை ஒரே ஓர் உறுப்பின்மீது சோதித்துப் பார்க்கிறேன்: இரைப்பை.

முதலில், ஆங்கிலத்தின் துல்லியம். ‘ஸ்டமக்’ என்பதன் கிரேக்க மூலச்சொல் தொடக்கத்தில் தொண்டையையும் உணவுக்குழாயையும் குறித்தது. பிற்காலத்திலேயே இரைப்பைக்கு இறங்கிவந்தது. இரைப்பையின் மேல்வாய் ‘கார்டியா’. அது இதயத்தின் பெயர். கீழ்வாய் ‘பைலோரஸ்’, அதாவது வாயிற்காவலன். ‘டியோடினம்’ பன்னிரண்டு விரலகலம். ‘பேன்கிரியாஸ்’ முழுதும் சதை. இவை பிறவியிலேயே துல்லியமானவை அல்ல. பாடநூலும் தேர்வும் மருத்துவமனையும் இடைவிடாது வழங்கியதால் துல்லியம் பெற்றவை.

தமிழோ வயிற்றையும் இரைப்பையையும் தெளிவாகப் பிரிக்கிறது. அன்றாட ஆங்கிலம் இரண்டையும் ‘ஸ்டமக்’ என்றே சொல்லிவிடுகிறது. உதரவிதானத்தின்கீழ், மேல்வயிற்றின் இடப்பக்கம் அமைந்த தசைப்பை இது. அதன் சுவரில் நீள்தசை, வட்டத்தசை, சாய்தசை என 3 அடுக்குகள். அரைபட்ட உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் பித்தப்பையிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து கணையநீரும் வந்து சேர்கின்றன. இவ்விளக்கத்தில் எந்தச் சொல் கடன் கேட்டு நிற்கிறது?

இது புதிய முயற்சியும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். அதைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் தமிழில் வந்துவிட்டது. அந்த வகுப்பறை தொடராமல் போனது. சொற்கள் அதனாலேயே தேங்கின.

“பன்னாட்டு ஆய்விதழ்களை எப்படிப் படிப்பது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செருமானிய மருத்துவர் குறிப்பேட்டில் ‘டுவோடேனும்’ என்று எழுதுவார். நோயாளியிடம் ‘பன்னிருவிரற்குடல்’ என்று பொருள்படும் தம் மொழிச்சொல்லால் விளக்குவார். அதனால் அங்கு மருத்துவ அறிவியல் குன்றிவிடவில்லை. இரண்டையும் அறிந்திருப்பது சுமையன்று, தகுதி.

நம் உண்மையான குறைகள் வேறு. தமிழகப் பாடநூலில் ‘கணையம்’, ஈழத்துப் பாடநூலில் ‘சதையி’. இங்கே ‘உணவுக்குழாய்’, அங்கே ‘களம்’. இரு கரைகளையும் இணைக்கும் பொதுப்பட்டியலை ஆக்கி வழக்கில் நிறுத்த நாம் முனையவில்லை. இது தமிழின் நோய் மட்டுமும் அன்று. நான் வாழும் புணேயின் வாகட் பகுதியில், மராத்திக்குப் ‘போட்’ வேறு, ‘ஜடர்’ வேறு. ஆயினும் நோயாளியின் கைக்கு வரும் அறிக்கைகளில் நான் கண்டவை யாவும் ஆங்கிலத்தில்தான். தம் உடலின் எப்பகுதியை அறுக்கப்போகிறார்கள் என்று புரியாமலேயே ஒருவர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுகிறார். கலைச்சொல் விவாதத்தின் விலையைச் செலுத்துபவர் அவரே.

எனவே என் கோரிக்கை இரண்டு. தமிழக மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் நோயைத் தமிழில் விளக்கும் திறன் தேர்வில் மதிப்பிடப்படவேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும். இவற்றை மறுப்போர், சொல் இல்லை என்னும் காரணத்தை இனியும் கூறவேண்டா. விருப்பம் இல்லை என்று நேரடியாகச் சொல்லட்டும்.