கோச்சை மாத்தினா வியாதி போயிடுமா?

1/ 2022 செப்டம்பர் 10. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் டீம், சொந்த மைதானத்துல, ஜார்ஜியா சதர்ன்ங்கிற சின்ன டீம்கிட்ட 45-42னு தோத்துச்சு. மறுநாளே தலைமை கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

ரசிகர்களோட கோபம் நியாயம்தான். ஆனா அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம் சரியாங்கிறதுலதான் எனக்குச் சந்தேகம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ தெரியாதவங்களுக்கு: இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். ஆடுறவங்க காலேஜ் பசங்க.

நெப்ராஸ்கா மாநிலத்துல மொத்தமே சுமார் 20 லட்சம் ஜனங்கதான். அங்க NFL டீம் கிடையாது. அதனால மாநிலம் முழுக்க இந்த ஒரு காலேஜ் டீம்தான் குலதெய்வம் மாதிரி. லிங்கன் ஊர்ல இருக்கிற மெமோரியல் ஸ்டேடியத்துல 85 ஆயிரம் பேருக்கு மேல உட்காரலாம். 1962 நவம்பர்ல இருந்து அங்க நடந்த எல்லா மேட்ச்சும் ஹவுஸ்ஃபுல் கணக்குதான்.

3/ அவ்வளவு பாசம் வைக்க காரணம் இருக்கு. 1962ல இருந்து 1997 வரை 36 வருஷத்துல ரெண்டே ரெண்டு தலைமை கோச். பாப் டெவனி, அவருக்குப் பிறகு டாம் ஆஸ்போர்ன். 1970, 71, 94, 95, 97னு அஞ்சு தேசிய பட்டம். 97 டீமோட குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? இதே ஸ்காட் ஃப்ராஸ்ட்தான்.

4/ 2018ல அவர் கோச்சா திரும்பி வந்தப்ப ஊரே கொண்டாடுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் UCF டீமை 13-0னு ஒரு தோல்விகூட இல்லாம முடிச்சிருந்தார். நம்ம வீட்டுப் பிள்ளை வந்துட்டான், இனி எல்லாம் சரியாயிடும்னு நம்பினாங்க.

நடந்தது: 16 வெற்றி, 31 தோல்வி.

5/ இதுல 2021 சீசன் ஒரு சித்திரவதை. 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசம். ஒவ்வொரு வாரமும் கடைசி நிமிஷம் வரை நம்பிக்கை குடுத்துட்டு தோக்குறது. 40 புள்ளி வித்தியாசத்துல தோத்தா டிவியை அணைச்சுட்டுத் தூங்கிடலாம். 3 புள்ளியில தோத்தா எங்க தூங்குறது?

6/ எப்படித் தோத்தாங்கன்னு பாருங்க. மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல 4 நிமிஷம்கூட பாக்கி இல்ல, 7 புள்ளி முன்னிலை. பந்தை எதிரணிப் பக்கம் தூரமா உதைச்சு விடுற 'பன்ட்' தப்பான பக்கம் போச்சு. எதிரணி அதைப் பிடிச்சு ஓடி ஸ்கோரை சமன் பண்ணி, கூடுதல் நேரத்துல ஜெயிச்சுட்டாங்க. அயோவா மேட்ச்ல 21-6 முன்னிலை. ஒரு பன்ட்டைத் தடுத்து, அந்தப் பந்தை வச்சே ஸ்கோர் பண்ணாங்க. 28-21 தோல்வி.

ரெண்டுமே உதைக்கிற வேலையைப் பார்க்கிற 'ஸ்பெஷல் டீம்ஸ்' பிரிவுல வந்த ஓட்டை.

7/ 2021 நவம்பர்ல நிர்வாகம் ஃப்ராஸ்ட்டை வச்சுக்கிட்டு, அவருக்குக் கீழ இருந்த நாலு உதவி கோச்சுகளை அனுப்புச்சு. நாலு பேருமே தாக்குதல் பிரிவு. அந்தப் பிரிவுல குறையே இல்லன்னு சொல்ல வரல. ஆனா மேல சொன்ன அயோவா மேட்ச் நடந்தது இவங்களை அனுப்பின பிறகுதான். வலி ஒரு இடம், ஆபரேஷன் இன்னொரு இடம்.

8/ அடுத்த சீசன் முதல் மேட்ச், டப்ளின்ல நார்த்வெஸ்டர்ன்கூட. 28-17 முன்னிலை. அப்ப ஃப்ராஸ்ட் 'ஆன்சைட் கிக்' அடிக்கச் சொன்னார். பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் உதைச்சு நாமளே திரும்பப் பிடிக்கிற சூதாட்டம் அது. பெரும்பாலும் தோக்கப் போற டீம் கடைசியில செய்றது. பந்து எதிரணிக்குப் போச்சு. மேட்ச் 31-28னு கைவிட்டுப் போச்சு. இது முழுக்க தலைமை கோச்சோட தப்பு.

அடுத்து அந்த ஜார்ஜியா சதர்ன் மேட்ச். அதுவரைக்கும் சொந்த மைதானத்துல 35 புள்ளி இல்ல அதுக்கு மேல எடுத்த 214 மேட்ச்லயும் ஜெயிச்ச டீம் அது. அன்னைக்கு 42 எடுத்தும் தோத்துச்சு.

9/ இப்ப பணத்துக்கு வருவோம். ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி அனுப்பினதால ஃப்ராஸ்ட்டுக்குச் சேர வேண்டிய இழப்பீடு சுமார் 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தா 75 லட்சம் டாலர்தான். மூணு வாரம் பொறுக்க முடியாத அளவுக்கு நெருக்கடி. அதுக்கு விலை 75 லட்சம் டாலர்.

10/ ஆனா நான் கேட்க நினைக்கிற கேள்வி வேற. இழப்பீடு இவ்வளவு பெருசா ஆனது எப்படி? 2019 நவம்பர்ல அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டிச்சாங்க. அப்ப அவர் கணக்கு என்ன தெரியுமா? முதல் சீசன் 4-8. ரெண்டாவது சீசன் அதுவரை 4-5. எதுக்காக நீட்டிப்பு? அந்தக் கையெழுத்து கோச் போட்டுக்கிட்டது இல்ல, நிர்வாகம் போட்டது.

85 ஆயிரம் பேர் கோச் பேரைச் சொல்லிக் கத்தும்போது, அந்தக் கையெழுத்து போட்ட மேஜையை யாரும் திரும்பிப் பார்க்கல.

11/ இது முதல் தடவையும் இல்ல. 2003ல ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பினாங்க, அந்த சீசன் 9-3ல இருக்கும்போது. அப்புறம் வந்த பில் காலஹன் முதல் வருஷமே 5-6. 35 வருஷமா தொடர்ந்து ஆடிட்டு வந்த சீசன் இறுதி 'பௌல்' ஆட்டம் அன்னைக்கு நின்னுச்சு. அவரை 2007ல அனுப்பினாங்க. வருஷா வருஷம் குறைஞ்சது 9 மேட்ச் ஜெயிச்ச போ பெலினியை 2014ல. மைக் ரைலியை 2017ல. ஃப்ராஸ்ட்டை 2022ல.

36 வருஷத்துக்கு ரெண்டு கோச் போதுமா இருந்த ஊர், அடுத்த 25 வருஷத்துல அஞ்சு கோச்சை வீட்டுக்கு அனுப்பியிருக்கு. அஞ்சு டாக்டர் மாத்தியும் காய்ச்சல் விடலன்னா, டாக்டரை மட்டும் குறை சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

12/ எனக்கு இது ஏன் உறைக்குதுன்னா, நான் வேலை பார்க்கிறது அரசு ஆஸ்பத்திரி. ராத்திரி 2 மணிக்கு ஒரு உயிர் போச்சுன்னா, கூட வந்தவங்க கை நீள்றது எதிர்ல நிக்கிற டூட்டி டாக்டரோட சட்டைக் காலருக்குத்தான். அந்த வலி புரியுது. சில சமயம் டாக்டர் பக்கமே தப்பு இருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆனா ICU பெட் ஏன் இல்ல, காலிப் பணியிடம் ஏன் நிரப்பல, முதல்ல பார்த்த இடத்துல இருந்து அனுப்ப ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு? இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவங்க அந்த ராத்திரி அங்க நிக்க மாட்டாங்க.

13/ பிரசவத்துல ஒரு தாய் இறந்தா நாங்க ஆடிட் பண்ணுவோம். முதல் நாள்ல இருந்து ஒவ்வொரு படியா எடுத்து, எங்க தாமதம், எங்க தவறுன்னு பார்ப்போம். உட்கார்ந்து பதில் சொல்றது கொடுமையா இருக்கும். ஆனா அடுத்த தாயைக் காப்பாத்தறது அதுதான். ஒருத்தரை சஸ்பெண்ட் பண்ணிட்டு ஃபைலை மூடினா, அடுத்த தாய்க்கு ஒண்ணும் மாறாது.

14/ ஃப்ராஸ்ட் போன அடுத்த சனிக்கிழமை, தற்காலிக கோச்சோட ஆடின டீம் ஒக்லஹோமாகிட்ட 49-14னு தோத்துச்சு. அதே மைதானம், அதே பசங்க. பிறகு வந்த மேட் ரூலுக்கு 8 வருஷ ஒப்பந்தம், 7.4 கோடி டாலர். முதல் சீசன் 5-7. ரெண்டாவது சீசன் 7-6, 2016க்கு அப்புறம் முதல் பௌல் ஆட்டம், அதுல வெற்றி. அப்ப கோச்சை மாத்தினது பலன் குடுத்துச்சான்னு கேட்டா, ஆமா, ஓரளவு குடுத்துச்சு. ஃப்ராஸ்ட் போயிருக்க வேண்டியவர்தான். ஆனா இன்னொரு அவசர நீட்டிப்பு வராதுன்னு யார் உத்தரவாதம் தர்றது?

15/ அதனால தோக்கிற டீமோட ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டுங்க, அது உங்க உரிமை. டிக்கெட் காசு உங்களோடது. ஆனா தப்பா உதைச்ச 20 வயசுப் பையனோட இன்ஸ்டாகிராமுக்குப் போய்த் திட்டாதீங்க, அவன் ஒரு ஸ்டூடண்ட். கோச்சைத் திட்டும்போது கூடவே மூணு கேள்வி கேளுங்க. இவரை எதை வச்சுத் தேர்ந்தெடுத்தீங்க? எதை வச்சு ஒப்பந்தத்தை நீட்டிச்சீங்க? போன கோச் தோத்ததுல இருந்து நீங்க கத்துக்கிட்டது என்ன?

இந்த மூணுக்கும் பதில் வாங்காம அடுத்த கோச்சுக்கு மாலை போடாதீங்க.