பாடம் வீட்டில், பயிற்சி எங்கே?
அமெரிக்காவில் இணைய வழி நர்ஸ் படிப்பின் இன்றைய நிலை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஐக்கிய அமெரிக்காவில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மாணவர்கள் பலர் இப்போது இந்தப் பழமொழியின் பொருளை அனுபவத்தில் உணர்ந்து வருகிறார்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவில் குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். பாடம் தேறிவிடுகிறது. நோயாளியின் கட்டிலருகே நின்று பழகுவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

இந்த நிலை ஏன் ஏற்பட்டது? அதற்கு யார் பொறுப்பு? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

இடமில்லாத கல்லூரிகள்

அமெரிக்காவில் நர்ஸ்களுக்குத் தேவை உண்டு. நர்ஸாக விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் கல்லூரிகளில் போதிய இடமில்லை. அந்நாட்டு நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் எடுத்த கணக்கின்படி, தகுதி இருந்தும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 2021-ல் 91,938, 2023-ல் 65,766. ஆசிரியர் பற்றாக்குறை, வகுப்பறைப் பற்றாக்குறை, ஆஸ்பத்திரிகளில் பயிற்சி இடப் பற்றாக்குறை ஆகியவையே இதற்குக் கல்லூரிகள் சொல்லும் முக்கியக் காரணங்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த மருந்தாகவே இணைய வழிப் படிப்பை எல்லோரும் வரவேற்றார்கள். 19 ராஜ்யங்களின் கவர்னர்கள் ஒன்று கூடி, கட்டடமும் வகுப்பறையும் இல்லாமல் நடத்துவதற்கென்றே 1997-ல் ஒரு சர்வகலாசாலையைத் தோற்றுவித்தார்கள். 'வெஸ்டர்ன் கவர்னர்ஸ்' என்ற அந்தச் சர்வகலாசாலையில் இன்று நர்ஸிங் முக்கியமான படிப்புகளில் ஒன்று. அதைப் போல எத்தனையோ நிலையங்கள் பின்னர் ஏற்பட்டுவிட்டன.

வகுப்பறைப் பஞ்சத்தை இந்த ஏற்பாடு பெருமளவு தீர்த்தது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கான இடங்களை அது ஒன்றுகூட அதிகமாக்கவில்லை. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று வகை மாணவர்கள்

இணைய வழியில் படிப்போர் எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல. முதல் வகையினர் ஏற்கனவே லைசென்ஸ் பெற்று வேலை பார்க்கும் நர்ஸ்கள். டிப்ளமோவோ இரண்டாண்டுப் படிப்போ முடித்தவர்கள், பட்டம் பெறுவதற்காகப் படிக்கிறார்கள். இவர்களுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. கைப்பழக்கம் ஏற்கனவே இருக்கிறது.

இரண்டாம் வகையினர் புதிதாக நர்ஸாக வருகிறவர்கள். இவர்கள் பாடத்தை வீட்டில் படிக்கலாம். பயிற்சியை நேரில்தான் பெற வேண்டும். முழுவதும் வீட்டிலிருந்தே நர்ஸாகிவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது.

மூன்றாம் வகையினரே அதிகமாக அல்லல்படுகிறார்கள். இவர்கள் 'நர்ஸ் பிராக்டிஷனர்' ஆக விரும்புகிறவர்கள். அதாவது, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் அதிகாரம் உள்ள நர்ஸ்கள். இந்தப் படிப்புக்கு, நோயாளிகளை நேரில் கவனித்துப் பெறும் பயிற்சி முன்பு குறைந்தது 500 மணி நேரமாக இருந்தது. 2022-ல் வெளியான தேசியத் தர விதிகள் அதை 750 மணியாக உயர்த்தின. உயர்த்தியது நியாயமே. ஆனால் அந்த 750 மணி நேரத்துக்கு உடனிருந்து கற்றுக்கொடுக்க ஒரு டாக்டரோ மூத்த நர்ஸோ வேண்டுமே? அவரை எங்கே தேடுவது?

பல கல்லூரிகள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில், "நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்பதுதான்!

தெருத் தெருவாக அலைச்சல்

கல்லூரி ஒரு ராஜ்யத்தில். மாணவி வேறொரு ராஜ்யத்தில். கல்லூரிக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியோடு பழக்கமில்லை. மாணவி கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறாள். டாக்டர்களுக்கோ நாள் முழுவதும் நோயாளிகள். மாணவியை உடன் வைத்துக் கொண்டால் வேலை தாமதமாகிறது. பெரும்பாலோர் இதற்கு ஊதியமும் பெறுவதில்லை. சிலர் பணம் கேட்கிறார்கள். இந்த இடைவெளியில் தரகு கம்பெனிகளும் முளைத்துவிட்டன. கல்லூரிக்குக் கட்டிய கட்டணம் போக, பயிற்சி இடம் பிடிப்பதற்காக இவற்றுக்கு வேறு டாலர்களைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

போதாததற்கு ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டம் வேறுபடுகிறது. ஒரு ராஜ்யத்தின் நர்ஸிங் போர்டு ஒப்புக்கொள்ளும் படிப்பை மற்றொன்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. 2024 ஜூலை முதல் மத்திய சர்க்கார் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது. மாணவர் வசிக்கும் ராஜ்யத்தின் லைசென்ஸ் நிபந்தனைகளுக்குத் தன் படிப்பு பொருந்துகிறதா என்பதைக் கல்லூரியே கவனித்துக் கொள்ள வேண்டும் என்பது அது. பயிற்சி இடத்தைத் தேடித் தரும் பொறுப்பையும் இப்படித் தெளிவாகக் கல்லூரியின் தலையில் வைத்திருக்கலாம்.

கடன் காத்திருக்காது

பண உதவி இல்லாமலில்லை. முதல் பட்டத்துக்குப் படிக்கும் ஏழை மாணவருக்கு 'பெல்' உதவித் தொகை உண்டு. 2025-26-ல் அதன் உச்ச அளவு 7,395 டாலர். 'நர்ஸ் கோர்' என்ற சர்க்கார் உபகாரச் சம்பளம் கட்டணத்தோடு மாதப்படியும் தருகிறது. படித்து முடித்ததும் நர்ஸ் பஞ்சமுள்ள இடத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும். மற்றவர்கள் நம்பியிருப்பது கடனைத்தான்.

அந்தக் கடனிலும் இப்போது கெடுபிடி. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று வரம்பு கட்டியது. தொழிற்பட்டங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 50,000. மொத்தம் இரண்டு லட்சம். எவை தொழிற்பட்டங்கள்? 2025 நவம்பரில் கல்வி இலாகா கூட்டிய குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் வைத்தியம் உண்டு, சட்டம் உண்டு, மிருக வைத்தியம், மத போதகர் படிப்புகூட உண்டு. நர்ஸிங் இல்லை! நர்ஸ் சங்கங்கள் கொதித்தெழுந்தன. பெரும்பாலான நர்ஸ் மாணவர்கள் இந்த வரம்பை எட்டுவதே இல்லை என்று இலாகா பதில் சொன்னது.

அது உண்மையாகவே இருக்கட்டும். பயிற்சி இடம் கிடைக்காமல் ஒரு பருவம் வீணானால் என்ன ஆகும்? பாதிநேர மாணவர் என்ற தகுதிக்கும் கீழே போனால், ஆறு மாதத்தில் கடன் தவணை கட்டத் தொடங்க வேண்டும். படிப்பும் முடியவில்லை, உயர்ந்த சம்பளமும் வரவில்லை, கடன்காரன் மட்டும் வந்து நிற்கிறான்.

பரீட்சை போதாதா?

பயிற்சிக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு, பரீட்சையில் தேறினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2023 ஜனவரியில் அம்பலமான புளோரிடா மோசடி இதற்குப் பதில் தருகிறது. அங்கே மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கு மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் லைசென்ஸ் பரீட்சையில் தேறியும்விட்டார்கள்! பரீட்சை அறிவைச் சோதிக்கும். கையைச் சோதிக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பொம்மை நோயாளியை வைத்துப் பழகலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. நர்ஸிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நல்ல ஆசிரியரும் கருவியும் இருந்தால் பயிற்சியில் பாதி வரை இந்த முறையில் நடத்தலாம் என்று கண்டது. மீதிப் பாதிக்கு உயிருள்ள நோயாளிதான் வேண்டும்.

செய்ய வேண்டியது

இணைய வழிப் படிப்பைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. வீட்டையும் வேலையையும் விட்டு வர முடியாத எத்தனையோ பெண்களுக்கு அது கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் கட்டணம் வாங்கும் கையே பயிற்சி இடத்தையும் காட்ட வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கையில் இருக்கிறதோ அத்தனை பேரைத்தான் சேர்க்க வேண்டும். உடனிருந்து கற்றுத் தரும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கல்லூரியே நியாயமான ஊதியம் கொடுத்தால் தரகருக்கு வேலை இருக்காது.

சேர நினைப்பவர்களும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. என் ராஜ்யத்தின் போர்டு இந்தப் படிப்பை ஒப்புக்கொள்கிறதா? பயிற்சி இடத்தை யார் தேடித் தருவது? குறித்த காலத்தில் இடம் கிடைக்காவிட்டால் என் பணத்துக்கும் கடனுக்கும் என்ன வழி? மூன்றுக்கும் எழுத்து மூலம் பதில் வராத கல்லூரியில் சேராமலிருப்பதே மேல்.

நாளைக்கு ஊசி போடப் போகிறவள் எங்கே பழகினாள் என்பது அவள் கவலை மட்டும் அல்ல. கட்டிலில் படுத்திருப்பவரின் கவலையும்கூட.