கையால் செய்தது என்றால் யார் கையால்?

கடற்கரைச் சாலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் 120 ரூபாய் என்று சொன்னால் போதும், நம் வயதுக்காரர்கள் உடனே ஐந்து பைசா குச்சி ஐஸுக்குப் போய்விடுவார்கள். சைக்கிளில் மரப்பெட்டி, அதன் மூடியைத் தட்டுகிற டப் டப் சத்தம், சேமியா ஐஸ், பால் ஐஸ். எனக்கும் அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். அது என்ன ஐஸ்? சாக்கரின் கலந்த தண்ணீர், அதில் சிவப்புச் சாயம். உறிஞ்சி முடித்தால் கையில் வெறும் பனிக்கட்டி, நாக்கில் இரண்டு நாள் நிறம். பால் ஐஸில் பால் எவ்வளவு இருந்தது என்பது அதை விற்றவருக்கே வெளிச்சம். விலை குறைவாக இருந்தது உண்மைதான். சரக்கும் அந்த விலைக்கு ஏற்றபடிதான் இருந்தது.

ஆகவே 120 ரூபாய் அதிகமா என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக 120 ரூபாய் என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வந்த பிறகு இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

என் அண்ணன் சொல்தாவாகப் போனவர். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் ஒன்றில் பெண் எடுத்தார், அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள், என் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், என் வீட்டுக்காரி, 81 வயது அக்கா, நான். மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டிகளை விடமாட்டார்கள் அல்லவா, குறுக்குத் தெருவிலேயே ஆட்டோவை விட்டு இறங்கி, அக்காவின் முழங்கால் வேகத்துக்கு எல்லோரும் நடந்தோம். பணியில் இருந்த காலம் முழுவதும் அந்தச் சாலையில் இருக்கும் தலைமைச் செயலகத்துக்குப் போய் வந்தவன் நான். என் அப்பா கடைசி வரை அதை கூர் ஷப்ரோல் என்றுதான் சொல்வார். கூபேர் பெயர் வைத்த பிறகும் அவர் வாயில் அது மாறவில்லை.

கடை சின்னது. பெயர் எழுதப்போவதில்லை. உட்கார இரண்டே இரண்டு முக்காலிகள், அதுவும் ஆள் உயரம். வயதானவர்கள் வருவார்கள் என்று யாரும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. வாசலில் பெரிய பலகை: அனைத்தும் கையால் செய்தவை. விலைப்பட்டியலைப் பார்த்த அக்கா, "எனக்கு வேணாம் தம்பி, பல்லு கூசும்" என்றாள். கூசியது பல் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாதம் முழுவதும் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவளுக்கு ஒரு கரண்டி 120 ரூபாய் என்றால் மனசு கூசத்தானே செய்யும்?

இதற்குள் அண்ணன் பேத்தி கண்ணாடிக்குள் வரிசையாக இருந்த பத்து வகைகளையும் பார்த்துவிட்டு, எல்லாம் இங்கேயே செய்ததா என்று பிரெஞ்சில் கேட்டாள். கரண்டியோடு நின்ற பையன் என்னைப் பார்த்தான். தமிழில் சொன்னேன். இருபது வயதுகூட இருக்காது. முதலில் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாம்பழமும் எலுமிச்சையும் தேங்காயும் காலையில நாங்க போடறது, ஐயா. மீதி டப்பாவில வருது" என்றான். அப்படியானால் பலகை? "நான் கேட்டா வேலை போயிடும், ஐயா."

மூன்று வகை இங்கே, ஏழு வகை எங்கோ ஒரு தொழிற்சாலையில். பத்துக்கும் ஒரே விலை.

அந்தப் பெண் அப்படிக் கேட்டது திமிரினால் அல்ல, பழக்கத்தினால். பிரான்சில் 1998ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாவு பிசைவது, புளிக்க வைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாம் தன் பொறுப்பில் விற்கும் இடத்திலேயே செய்பவர்தான் கடைப் பலகையில் ‘பூலான்ழே’ என்று போட்டுக்கொள்ளலாம். எந்தக் கட்டத்திலும் உறைய வைத்த மாவாகவோ ரொட்டியாகவோ இருக்கக் கூடாது. (ஐஸ்கிரீமுக்கு அந்தக் கடைசி விதியைக் கேட்க முடியாது, அது வேறு விஷயம்.) நம் ஊரில் அந்தக் காலத்து ரொட்டிக் கிடங்குகளுக்குச் சட்டமே தேவைப்படவில்லை. அடுப்பு கண்ணுக்கு எதிரே இருந்தது, விடியற்காலை வாசனை தெருமுனை வரை வந்தது. இப்போது அடுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் பலகையில் எழுதியிருப்பது உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு நூற்றுக்குப் பத்துக்குக் குறையக் கூடாது. பாலுக்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டால் அதை ஐஸ்கிரீம் என்று விற்க முடியாது, ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சடிக்க வேண்டும். அச்சடிக்கிறார்கள்தான், நம் கண்ணாடிக்கு எட்டாத எழுத்தில். இன்னொரு விதி: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. குமாஸ்தா புத்தி, நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அப்படியென்றால் டப்பாவில் பாதிக்குக் கிட்டத்தட்டக் காற்று இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. காற்று கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் கல் போல ஆகிவிடும். ஆனால் சின்னக் கடையில் சிறிது சிறிதாகக் கடைபவர் அவ்வளவு காற்றை ஏற்றுவதில்லை. கரண்டியில் எடுத்தால் கனம் தெரியும். பழத்தை அன்று நறுக்கி, பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 120 ரூபாய். அதைக் கொடுக்க எனக்கு வருத்தமில்லை. டப்பாவிலிருந்து மாற்றி வைத்ததற்கும் அதே 120 என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. உண்மையாகக் காலையில் வந்து கடைகிற அந்தப் பையனின் உழைப்பை இது மலிவாக்கிவிடுகிறது.

மாம்பழம் நான்கும் எலுமிச்சை மூன்றும் வாங்கினோம். எலுமிச்சையில் பால் கிடையாது, பிரெஞ்சில் அதற்கு ‘சொர்பே’ என்று தனிப் பெயர். பாலோடு இருந்தால்தான் ‘கிளாஸ்’. பள்ளியில் இந்தக் ‘கிளாஸ்’ எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பனிக்கட்டியும் அதுவே, முகம் பார்க்கும் கண்ணாடியும் அதுவே, ஐஸ்கிரீமும் அதுவே. என் மாம்பழத்தில் பாதியை அக்காவிடம் நீட்டினேன். காந்தி சிலைக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த கட்டைச்சுவரில் உட்கார்ந்து அவள் முழுவதையும் சாப்பிட்டாள். "பழம் பழமாவே இருக்குடா" என்றாள். பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

என்னைப் போல் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். அதனால் கையால் செய்தாலும் காலால் செய்தாலும் சர்க்கரையைத் தாராளமாகவே போடுவார்கள். உருகியதை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், திகட்டும். அரைக் கரண்டி போதும்.

பேரப்பிள்ளைகளோடு போகும்போது இன்று இங்கே செய்தது எது என்று கேளுங்கள், அதையே வாங்குங்கள். பலகையைப் பற்றிக் கேட்பதென்றால் முதலாளியிடம் கேளுங்கள். கரண்டி பிடித்திருக்கும் பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை, பலகை எழுதியவன் அவன் அல்ல.

நான் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். பையன் சொன்னதாக ஒரு சொல்லும் வராதபடி, ஒரு வாடிக்கையாளரின் கேள்வியாக மட்டும்: உங்கள் பத்து வகைகளில் எவை கடையிலேயே தயாராகின்றன, அவற்றின் மேல் மட்டும் ஒரு சீட்டு ஒட்டினால் என்ன? அலுவலகத்தில் எத்தனையோ வரைவு எழுதியவன்தான், ஆனாலும் இதற்கு மூன்று முறை திருத்தினேன். இரண்டு வாரமாகிறது. பதில் இல்லை. காலை நடையில் அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறேன், பலகை அப்படியே இருக்கிறது. பின்பக்கக் கதவு திறந்திருந்தது, பையன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான்.